முப்பதாவது தலை

இப்படி வந்து உட்காரும்மா. வெயிலில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரை எல்லாம் "எக்ஸ்கியூஸ் மீ" என்று கூப்பிட்டால் யார் நிற்பார்கள்? அதுவும் உன் குரல் உனக்கே கேட்காது போலிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அரை மணி நேரத்தில் ஒரே ஒரு ஆள் உன்னிடம் நின்றார். அவரும் கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கொடு அந்தப் படிவத்தை. நான் சொல்கிறேன், நீ எழுதிக்கொள். பதினோரு மணிவரை எனக்கு வேறு வேலை இல்லை. இருக்கிறது, அதற்கும் உன்னைப் போல் ஒரு ஆள்தான் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

"கேளிக்கைப் பூங்காக்களில் பார்வையாளர் வருகை குறைவதற்கான காரணங்கள்." நல்ல தலைப்பு. காலேஜில் கொடுத்ததா? எம்.பி.ஏ.வா? கழுத்து அட்டையில் மணிமொழி என்று போட்டிருக்கிறது. பெயர் வைத்தவர்கள் உன்னிடம் நிறைய எதிர்பார்த்திருக்கிறார்கள். பரவாயில்லை, நீ பேசவேண்டாம். நான் பேசுகிறேன்.

பெயர் குணசுந்தரி. வயது ஐம்பத்தேழு, ஐம்பத்திரண்டு என்று போடு. தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதிவிடாதே. செயலாளர், பொன்மலர் காலனி மகளிர் மன்றம், செங்கல்பட்டு. அதோ வேன் நிற்கிறதே, பக்கத்தில் பெண்கள் நிற்கிறார்களே, அவர்கள்தான் மன்றம். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ அந்தப் பக்கம் பார்க்காதே.

முதல் கேள்வி என்ன? இந்தக் குளுகுளு வேர்ல்டுக்கு இதற்கு முன் எத்தனை முறை வந்திருக்கிறீர்கள். எட்டு முறை. இது ஒன்பதாவது. நடுவில் கொரோனாவுக்கு இரண்டு வருடம் தள்ளிவிடு. மே மாதம் மூன்றாவது ஞாயிறு என்றால் எங்கள் காலனியில் அது தீபாவளி மாதிரி. தேதியை யாரும் கேட்கவேண்டாம், எல்லோருக்கும் தெரியும்.

உங்களுக்கு மிகவும் பிடித்த சவாரி எது? இதை அடித்துவிடு. நாங்கள் எதிலும் ஏறமாட்டோம். ஏன் அப்படிப் பார்க்கிறாய்? எங்களில் பாதிப் பேருக்கு முட்டிவலி, மீதிப் பேருக்குத் தலைசுற்றல். தண்ணீரில் இறங்க நைலான் உடை வேண்டும் என்கிறார்கள், வாடகைக்குத் தருகிறார்கள். அதை யார் யார் போட்டார்களோ. உள்ளே போனதும் இடதுகைப் பக்கம் ஒரு பெரிய வாகை மரம் இருக்கிறது. அதன் அடியில் பாய் விரித்து உட்காருவோம். புளியோதரை, தயிர்சாதம், வடகம். சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். மாலை ஐந்து மணிக்கு ஆளுக்கொரு ஐஸ்கிரீம். கிளம்பிவிடுவோம்.

வெளியில் இருந்து உணவு கொண்டுவரக்கூடாது என்று போர்டு இருக்கிறதே என்று கேட்கிறாய். இருக்கிறது. அதையெல்லாம் பார்த்தால் முடியுமா? குழந்தைகள் உணவுக்கு மட்டும் அனுமதி என்று அதே போர்டில் கீழே சின்னதாக எழுதியிருக்கிறது, பார். போன வருடம் அறுபது இட்லியைக் குழந்தை உணவு என்று சொல்லித்தான் உள்ளே கொண்டுபோனோம். "குழந்தை எங்கம்மா?" என்று செக்யூரிட்டி பெண் கேட்டாள். எழிலரசியின் மகனைக் காட்டினோம். அவன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இந்த வருடம் வரமாட்டேன் என்றுவிட்டான்.

சாப்பிட ஒரு மரத்தடி போதும் என்றால் எதற்கு இங்கே வரவேண்டும்? இது படிவத்தில் இல்லாத கேள்வி. இருந்தாலும் சொல்கிறேன். ரயில்வே காலனி மகளிர் மன்றம் வருடாவருடம் ஏதாவது கோயிலுக்குப் போகும். இலவச அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு வரும். நாங்கள் அப்படி இல்லை. எங்களுக்கென்று ஒரு தரம் இருக்கிறது.

சரி, முக்கியமான கேள்விக்கு வா. நுழைவுக் கட்டணம் குறித்து உங்கள் கருத்து. முதல் வருடம் தலைக்கு முந்நூற்று எண்பது. இப்போது ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு. செருப்பு வைக்கிற பெட்டிக்குத் தனி, வேன் நிறுத்தத் தனி. நான் போன வருடமே அந்தக் கவுன்டர் பெண்ணிடம் கேட்டேன், ஏன் இப்படி ஏற்றுகிறீர்கள் என்று.

"கூட்டம் குறைஞ்சுபோச்சு மேடம். அதான் ஏத்திட்டாங்க" என்றாள்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மின்சாரம், தண்ணீர், ஆட்கள் எல்லாம் அதே செலவுதானே? வராதவர்கள் கொடுக்காத பணத்தை வருகிறவர்கள்தானே கொடுக்கவேண்டும்? எங்கள் மன்றத்திலும் அப்படித்தான். முதல் வருடம் ஐம்பத்திரண்டு பேர் வந்தோம். பிறகு நாற்பத்தாறு, நாற்பத்தொன்று, முப்பத்தைந்து. ஆள் குறையக் குறைய வேன் வாடகையில் தலைக்கு விழுவது ஏறும் அல்லவா? சந்தாவை ஏற்றினேன். சந்தாவை ஏற்றியதும் இன்னும் நான்கு பேர் விலகினார்கள். ஆகவே மறுபடி ஏற்றினேன். நிர்வாகம் என்றால் அதுதான். இங்கே மேலே உட்கார்ந்திருக்கிறவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

வருகை குறையக் காரணம் என்ன என்றா கேட்கிறாய்? ஒற்றுமை இல்லை. எழுது. மக்களிடம் ஒற்றுமை இல்லை. கட்டணம் என்ற கட்டத்தில் டிக் போடாதே, "மற்றவை" என்பதில் போடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முப்பது பேராக வந்தால் இங்கே குழு டிக்கெட். தலைக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. இருபத்தொன்பது பேர் என்றால் முழுக்கட்டணம். நாங்கள் இருபத்தொன்பது பேர்.

காலையில் போய்க் கேட்டேன். "முப்பதாவது டிக்கெட்டையும் நானே வாங்கிக்கிறேன், ஆள் இல்லன்னா என்ன?" என்றேன்.

"டிக்கெட் முப்பது இருந்தா பத்தாது மேடம். தல முப்பது இருக்கணும். உள்ள போறப்ப ஒருத்தர் கிளிக் கிளிக்னு எண்ணுவாரு."

"எதுக்கு எண்ணணும்?"

"கூட்டம் வருதுன்னு மேல காட்டணும் மேடம்."

வேன் டிரைவர் இருதயராஜைக் கூட்டிப் போனேன். ஓட்டுநர்கள் கணக்கில் சேரமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறதாம். பதினோரு மணிக்குக் குழுக் கவுன்டரை மூடிவிடுவார்கள். அதோ அவர்கள் கையில் மேலும் நானூறு ரூபாய் கிடையாது. இருந்தாலும் கொடுக்கமாட்டார்கள். வாங்கியிருக்கும் பணம் முழுவதும் என் பையில்தான் இருக்கிறது, முழுக்கட்டணத்துக்குக் காணாது. பதினோரு மணிக்குள் ஒரு தலை கிடைக்காவிட்டால், ஒன்பது வருடத்தில் முதல்முறையாக மன்றம் வாசலோடு திரும்பும். அப்புறம் நான் அந்தத் தெருவில் எப்படி நடப்பேன், சொல்.

ஏன் ஒரு ஆள் குறைந்தது? அதுதான் கதையே. அம்சவேணி. எங்கள் எதிர்வீடு.

நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை. அம்சவேணி நல்ல பெண். சத்தம்தான் ஜாஸ்தி. நாங்கள் எதிலும் ஏறமாட்டோம் என்று சொன்னேன் அல்லவா, அவள் மட்டும் ஏறுவாள். ஒரு ராட்சத ஊஞ்சல் இருக்கிறது, ஆளைத் தலைகீழாகக் கொண்டுபோய்க் கொட்டுகிற மாதிரி. வந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு சுடிதாரில் ஓடுவாள். நாற்பத்தெட்டு வயது. நான்கு முறை ஏறுவாள், அந்த நான்கு முறையும் கத்துவாள். மரத்தடியில் இருக்கிற எங்களுக்கே கேட்கும். இறங்கி வரும்போது முகமெல்லாம் சிவந்து, முடியெல்லாம் கலைந்து, "அக்கா, வருஷத்துக்கு ஒருநாள் இப்டி கத்தலன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்க்கா" என்பாள். செயலாளர் என்ற முறையில் இரண்டு முறை எச்சரித்திருக்கிறேன்.

அவள் வீட்டுக்காரர் கார் கம்பெனியில் இருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது கால்டாக்ஸி ஓட்டுகிறார். கார் செய்தவர் கார் ஓட்டுகிறார், ஒரே துறைதானே? இதில் என்ன பெரிய கஷ்டம் வந்துவிடப்போகிறது? ஆனால் பணம் கட்டக் கடைசித் தேதி ஏப்ரல் பதினைந்து என்று சொன்னால் பதினைந்து. அவள் கட்டவில்லை. வந்து கேட்டாள், "குணாக்கா, ஒண்ணாந்தேதி தந்துடறேன், எம்பேரையும் போட்டுக்குங்க" என்று.

நான் மெதுவாகத்தான் சொன்னேன். "அம்சா, உனக்கு ஒரு சலுகை குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"யாரும் கேக்கலயேக்கா."

"கேட்டா?"

அவ்வளவுதான் பேச்சு. அன்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போட்டேன். "கட்டணம் செலுத்தாதோர் பட்டியல்." கீழே ஒன்று என்று போட்டு அம்சவேணி என்று எழுதினேன். பக்கத்தில் கை கூப்புகிற படமும் வைத்தேன், மரியாதைக்கு. யாரையும் தனியாகக் குறிப்பிட்டுக் காட்டவில்லை. பட்டியல்தான் போட்டேன். பட்டியலில் ஒரே பெயர் இருந்தால் அது என் குற்றமா? நாலு நாள் அதை எல்லோருக்கும் மேலே தெரிகிற மாதிரி குத்திவைத்தேன், மறந்துவிடக்கூடாதே என்று.

ஐந்தாம் நாள் அம்சவேணி குழுவிலிருந்து வெளியேறினார் என்று வந்தது. பார்த்தாயா? ஒற்றுமை இல்லை என்று சும்மாவா சொன்னேன்.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன் மணிமொழி. நீ ஒன்றும் செய்யவேண்டாம். எங்களோடு வரிசையில் நட. அந்த ஆள் ஒரு கிளிக் செய்வான். உள்ளே வந்து மரத்தடியில் உட்கார், புளியோதரை சாப்பிடு, அங்கேயே இருபத்தொன்பது படிவமும் நிரப்பிக்கொள். உன் டிக்கெட் பணம் மன்றத்தின் செலவு. எத்தனை பேரிடம் வாங்கவேண்டும் என்றாய்? ஐம்பதா? இந்த வாசலில் நின்றால் தீபாவளிக்குத்தான் முடியும். பார், சுற்றிப் பார். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி. கார் நிறுத்துமிடத்தில் நாய் படுத்திருக்கிறது.

சரி என்கிறாயா? தலையைத்தான் ஆட்டினாய், அது போதும். இரு, அந்தப் பக்கம் ஏதோ சத்தம். பஸ்ஸிலிருந்து யாரோ இறங்குகிறார்கள் போலிருக்கிறது. எழிலரசி கையை ஆட்டுகிறாள். இங்கேயே இரு, போய்விடாதே. இதோ வருகிறேன்.

*

வந்துவிட்டேன். தண்ணீர் வைத்திருக்கிறாயா? கொடு.

யார் வந்தது தெரியுமா? அம்சவேணி. சுடிதாரைப் போட்டுக்கொண்டே வந்துவிட்டாள், மாற்றுகிற வேலைகூட இல்லாமல். இந்த எழிலரசி காலையிலேயே போன் செய்திருக்கிறாள். நான் இங்கே கவுன்டரில் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது அங்கே ஆளுக்கு நாற்பது ரூபாய் போட்டு அவளுடைய டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"குணாக்கா, முப்பது ஆயிடுச்சு. வாங்க போலாம்" என்கிறாள் எழிலரசி.

அம்சவேணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவத்துல குரூப்ல இருந்து போயிட்டேன்க்கா. மனசுல வச்சுக்காதீங்க."

நான் எதையும் மனதில் வைப்பவள் இல்லை. விதியைத்தான் வைத்திருக்கிறேன். அதைத்தான் சொன்னேன். "அம்சா, நீ வந்தது சந்தோஷம். ஆனா தானா விலகினவங்க திரும்பச் சேரணும்னா எழுதிக் குடுக்கணும். கமிட்டி கூடி முடிவு பண்ணணும். ஜூன் முதல் ஞாயிறு கூட்டம் இருக்கு."

"கமிட்டி மொத்தமும் இங்கதானக்கா நிக்கிது" என்றாள் எழிலரசி.

"நிக்கலாம். கூடல. கூடறதுன்னா ஏழு நாள் முன்னாடி நோட்டீஸ் தரணும்."

"அப்ப முப்பதுக்கு என்னக்கா பண்ணுவீங்க?"

நான் உன்னைக் காட்டினேன். அதோ அந்தப் பெண் வருகிறாள் என்றேன். எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்களே, அப்போதுதான். நீயும் ஏன் அப்படிப் பையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாய்?

"யாருன்னே தெரியாத பொண்ணை உள்ள கூட்டிப் போவீங்க, அம்சாவைக் கூட்டிப் போகமாட்டீங்களா?" என்று கேட்டாள் எழிலரசி. கேள்வி கேட்பது சுலபம். விருந்தினரை அழைத்துப்போக விதியில் இடம் இருக்கிறது. விலகியவருக்கு இடம் இல்லை. அந்த விதியை நானே என் கைப்பட எழுதினேன், எனக்குத் தெரியாதா?

 மதில் சுவருக்கு மேலே அந்த ஊஞ்சல் தெரிகிறது பார், மஞ்சள் நிறத்தில், அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் அம்சவேணி. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அதுகூட ஓடவில்லை. இருபது பேர் சேர்ந்தால்தான் ஓட்டுவார்களாம். பிறகு அவள் சொன்னாள், "பரவால்லக்கா, நீங்க போய்ட்டு வாங்க. நான் அடுத்த பஸ்ஸுல போயிடறேன்." எவ்வளவு பண்பாகச் சொன்னாள் பார்த்தாயா. அவளுக்கே விதி புரிந்துவிட்டது. மற்றவர்களுக்குத்தான் புரியவில்லை.

மணி என்ன? பத்து ஐம்பதா? எழுந்திரு, எழுந்திரு. நாம் வரிசைக்குப் போய்விடலாம், அவர்கள் பின்னாலேயே வருவார்கள். நான் முன்னால் நடந்தால் அவர்கள் வராமல் இருந்ததே இல்லை. நீ என் பின்னால் நில். திரும்பிப் பார்க்காதே.

வருகிறார்களா?

நீயே பார்த்துச் சொல்.

என்னது, பாயா? எங்கே விரிக்கிறார்கள்? ரோட்டுக்கு அந்தப் பக்கம், புங்க மரத்தடியிலா? இரு.

*

பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டார்கள். ஒருத்திகூட எண்ணிப் பார்க்கவில்லை. அந்த நம்பிக்கை இருக்கிறது என்மேல். எழிலரசி மட்டும், "நீங்களும் வந்து உக்காருங்கக்கா, எல்லாம் சாப்பாடுதான, எங்க சாப்ட்டா என்ன" என்றாள். எங்கே சாப்பிட்டால் என்னவா! தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய் கொடுத்து உள்ளே போய்ச் சாப்பிடவேண்டிய புளியோதரையை, ரோட்டோரத்தில் ஓசியில் சாப்பிடுகிறார்கள். பார்க்கிறவர்கள் ரயில்வே காலனி என்றல்லவா நினைப்பார்கள்?

அந்தச் சத்தம் கேட்கிறதா? அம்சவேணிதான். மரக்கிளையில் யாரோ பழைய டயரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். லாரிக்காரர்கள் கட்டியதாக இருக்கும். அதில் உட்கார்ந்து ஆடுகிறாள். எழிலரசி தள்ளுகிறாள். நாற்பத்தெட்டு வயது. போதாததற்கு முட்டிவலிக்காரர்கள் எல்லாம் வரிசையில் நிற்கிறார்கள், அடுத்தது நான், அடுத்தது நான் என்று. ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட நான் இவர்களை எதற்கும் வரிசையில் நிற்கப் பார்த்ததில்லை.

மணி பதினொன்று. குழுக் கவுன்டரை மூடிவிட்டான். பொதுக் கவுன்டர் திறந்திருக்கிறது. நான் ஒரு டிக்கெட் வாங்கப் போகிறேன். ஆமாம், முழுக்கட்டணம்தான். மே மூன்றாவது ஞாயிறு மன்றம் போகவில்லை என்ற பேச்சு வரக்கூடாது. மன்றம் என்றால் யார்? உறுப்பினர்கள் வருவார்கள், போவார்கள். செயலாளர் இருக்கிறேன் அல்லவா?

உனக்கும் ஒன்று வாங்கட்டுமா? வேண்டாமா. சரி.

படிவத்தில் கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி இருந்ததே. இன்று எத்தனை பேருடன் வந்தீர்கள். மகளிர் மன்றம் வந்தது என்று எழுது. எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விடு.

நீ இங்கே தனியாக நின்று என்ன செய்யப்போகிறாய்? அங்கே போ. கூப்பிடவேண்டிய தேவைகூட இல்லை, பக்கத்தில் போய் நின்றாலே உட்காரவைத்து இலை போட்டுவிடுவார்கள். அம்சவேணியோடு சேர்த்து இருபத்தொன்பது பேர் இருக்கிறார்கள். நீயும் போனால் சரியாக முப்பது. அங்கே எண்ணுகிற ஆள் யாரும் கிடையாது, அதனால் பயப்படாமல் போ.